இரண்டாவது குழலில் இருந்த தோட்டா

முந்தாநாள் ஹாலில் ஃபேன் ரிப்பேர். வந்த எலெக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தான். ஏணியைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. இந்த வீட்டில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே காவல் பணி அதுதான். டேப்பின் பிசின் வாசனை மேலிருந்து இறங்கி மூக்கில் ஏறியது. ஏணியை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். "அங்கிள், புடிங்க, ஆடுது" என்று அவன் கத்தியதும், "அப்பா, ஏணிய விட்டுட்டு எங்க போறீங்க?" என்று என் மகள் கேட்டதும் காதில் விழத்தான் செய்தன. அதற்கான பதில் அவர்களிடம் சொல்லக்கூடியதில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீயோ போய் நாலு மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பத்தாவதில் நான் எத்தனை பாடத்தில் கோட்டைவிட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

நம் சிநேகத்தை யாரிடமாவது விளக்கப் போனால் சிரிப்பார்கள். தாம்பரத்தில் ஒரே வங்கிக் கிளையில் நாலு வருடம் காவலாளிகளாக இருந்தோம். ஆனால் சேர்ந்து வேலை பார்த்ததில்லை. கிளைக்கு ஒரே துப்பாக்கி, ரெட்டைக் குழல். ஒரு வாரம் உனக்குப் பகல், எனக்கு இரவு. அடுத்த வாரம் மாறும். காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் துப்பாக்கி கை மாறும். குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்ப்போம், தோட்டாக்களை எண்ணுவோம், நோட்டில் 'துப்பாக்கி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான் நம் சந்திப்பு. தினம் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பேசியிருக்கிறோம். "இன்னா மச்சான், பாப்பா நைட்டு தூங்கிச்சா?" என்றுதான் நீ ஆரம்பிப்பாய். என் மகளுக்கு முதல் பல் விழுந்த செய்தி என் மாமியாரை எட்டுவதற்கு முன்னால் உன்னை எட்டிவிட்டது. உன் வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டு வலி என்றால் அன்றைக்கு நான் வாசலில் நின்றுகொண்டே அதை யோசிப்பேன். துப்பாக்கிக் கட்டையில் உன் மூக்குப்பொடி வாசனை மதியம் வரைக்கும் இருக்கும். நான் தும்மும்போதெல்லாம் கேஷியர் அம்மா "ஆரோக்கியமா இருங்க" என்பார். அந்த ஆசீர்வாதத்தில் பாதி உனக்குச் சேர வேண்டியது.

இரண்டு பேரும் மாஜி ராணுவம்தான். நீ எல்லையில் நின்றவன். நான் பதினைந்து வருடத்தில் பாதியை ஸ்டோர் ரூமில் கம்பளி எண்ணிக் கழித்தவன். ஆனால் வங்கி வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றால் யாருக்குத் தெரியும்? மதியச் சாப்பாட்டு மணிக்கு என் மகள் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எதிர்ச்சாரியில் நின்று என்னைக் காட்டுவாள். நான் பார்க்காதவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவேன். அந்தப் பகட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கிளை வாசலின் இரும்பு கேட், அந்த இழுப்புக் கதவு ஞாபகமிருக்கிறதா? மழைக்காலம் வந்தால் அதன் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக்கொள்ளும். தட்டினால்தான் நகரும். தட்டுவதற்கென்று நீ ஒரு அரைச் செங்கல்லைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்தாய். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. சீருடை போட்ட ஒரு மனுஷன், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிற சனமெல்லாம் பார்க்கும்போது, குனிந்து செங்கல் பொறுக்குவதா? நான் துப்பாக்கியைத் திருப்பி, கட்டையால் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டுவேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். இரண்டு மழைக்காலம் அப்படியே தட்டினேன்.

ஒருநாள் காலையில் கட்டையின் கழுத்தில், விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒடுங்கின இடத்தில், உன் விரல் நின்றது.

"இன்னாடா இது, கோடு?"

"ரேகையா இருக்கும். பழைய மரம்தானே."

"மரத்துக்குக் கைரேகை பாக்குறியா? நகத்த வுட்டுப் பாரு. உள்ள எறங்குது."

நகத்தை விட்டுப் பார்த்தேன். இறங்கியது.

"கேட்டத் தட்டுனியா?"

"லேசாத்தான்."

"செங்கல்லு கீதே."

"பேங்க் வாசல்ல செங்கல் நல்லாவா இருக்கு?"

"ஆமாமா. கட்ட ஒடஞ்ச துப்பாக்கிதான் ரொம்ப நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு நோட்டை எடுத்தாய். விரிசல் என்று எழுதி ரிப்பேருக்கு அனுப்பிவிடலாம் என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் அப்போது இன்னும் தற்காலிகம். நிரந்தர ஆர்டர் மேலாபீசில் கையெழுத்துக்குப் போயிருந்தது. 'துப்பாக்கியைச் சேதப்படுத்தியவர்' என்று ஒரு காகிதம் அதன் பின்னாலேயே போனால் கதை முடிந்தது. பாப்பாவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"ஆர்டர் வர்ற வரைக்கும் மச்சான். வந்ததும் நானே எழுதிடறேன்."

நீ என்னைப் பார்த்தாய், ரோட்டைப் பார்த்தாய், பேனா மூடியைக் கடித்தாய். அப்புறம் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். உன் கையெழுத்து எப்போதும் அழகு. அன்றைக்கு மட்டும் கோணலாக விழுந்தது.

அன்று மதியமே எலெக்ட்ரிக் கடையில் ஒரு கறுப்பு டேப் வாங்கி விரிசலின் மேல் சுற்றினேன். ஒரு சுற்று போதாதென்று ஒன்பது சுற்று. கம்பளிக்கட்டு கட்டிப் பழகிய கை இல்லையா? சாயங்காலம் பெருமையாகக் காட்டினேன். "நல்லாத்தான் கீது. இதுக்குக் காது குத்திட்டா விசேஷம் முடிஞ்சிரும்" என்றாய். சிரித்தாய், ஆனால் கண் சிரிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை காவலாளிகளைக் கூட்டிப் போய்ச் சுடச் சொல்வார்களே, அந்த நாள் ஆர்டருக்கு முன்னால் வந்துவிட்டது. வண்டலூர் தாண்டி, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி. அஞ்சாறு கிளையின் ஆட்களும் ஒரே வேனில் போனோம். அன்றைக்கு மட்டும்தான் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியும். எனக்கு அது வருஷத் திருவிழா மாதிரி. மடியில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, பெருங்களத்தூர் போவதற்குள் ஒரு மாதப் பேச்சைப் பேசிவிடுவோம். அந்தத் தடவை நீ பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "மொதல்ல நான் சுடறேன்" என்றாய்.

"ஏன்?"

"பசிக்குது. சீக்கிரம் முடிச்சுட்டா சாப்புடலாம்ல."

நான் நம்பினேன். நம்புகிற மாதிரி இருந்துகொண்டேன் என்று எழுதுவதுதான் சரி. டேப் சுற்றியவன் நான். முதலில் சுட்டிருக்க வேண்டியவனும் நான்தான்.

இரண்டு குழலிலும் தோட்டா போட்டுக்கொண்டு மண்மேட்டைப் பார்த்து நின்றாய். முதல் வெடி கேட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சத்தம், முருங்கைக் கிளை முறிகிற மாதிரி. கட்டை கழுத்தோடு முறிந்து, என் ஒன்பது சுற்று டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிழிந்து ரத்தம் கொட்டியது. டேப்பில் ஒரு சுற்று நழுவி இரண்டாவது குழலின் விசையில் மாட்டியிருந்தது. அந்தக் குழலில் தோட்டா அப்படியே இருந்தது.

பின்னால் நின்ற பாதுகாப்பு ஆபீசர் "என்னய்யா ஆச்சு? என்ன ஆச்சு?" என்று முன்னால் வந்தார். மனுஷனாகப் பிறந்த எவனும் அந்த நேரத்தில் கையிலிருப்பதைக் கீழே போட்டிருப்பான். இல்லாவிட்டால் குரல் வந்த பக்கம் துப்பாக்கியோடு திரும்பியிருப்பான். நான் கண்டிப்பாகத் திரும்பியிருப்பேன், சல்யூட்டும் அடித்திருப்பேன். நீ கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. இடது கையால் குழலை மண்மேட்டுக்கு நேராகவே பிடித்துக்கொண்டு, டீ சொல்கிற குரலில் சொன்னாய்:

"அங்கியே நில்லுங்க சார். யாரும் கிட்ட வராதீங்க. உள்ள இன்னொண்ணு கீது."

மற்றவர்கள் வேனுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"மச்சான், நீ மட்டும் வா. எனக்கு வலது பக்கமா. முன்னால போயிராத."

எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. உன் பக்கத்தில் நின்றபோது, நான் சுற்றிய டேப் காற்றில் ஆடியதுதான் கண்ணில் பட்டது.

"கட்டைய இழுக்காத. டேப்பு ட்ரிகர்ல மாட்டிகினு கீது. இழுத்தியோ, போச்சு. கீழயிருந்து தாங்கு. அப்பிடித்தான். இப்ப தொறக்கற லீவர ஓரமா தள்ளு."

"மச்சான், ரத்தம்…"

"ஒடஞ்சத பாக்காத. முனை எங்க பாக்குதுன்னு மட்டும் பாரு."

நான் முனையைப் பார்த்தேன். லீவர் நகர்ந்தது. நீ இடது கையால் குழலைக் கீழே சாய்த்தாய், துப்பாக்கி மடங்கித் திறந்தது. ஒரு ஓட்டையில் புகையோடு காலித் தோட்டா. இன்னொன்றில் சிவப்பாக, முழுசாக ஒன்று. அதை உருவி எடுத்தேன். நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்தாய்.

"இப்ப சாப்புடலாம்" என்றாய்.

கையில் துண்டைக் கட்டிவிட்ட பிறகு ஆபீசர் வந்தார். டேப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"இத யாரு சுத்துனது?"

"நான்தான் சார். வேர்வையில கை வழுக்குது, புடிக்குச் சுத்துனேன். கட்ட ரொம்ப பழசு சார்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் எலுமிச்சை சாதம்கூட இல்லை, காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

அந்த மாதமே என் ஆர்டர் வந்தது. உனக்கும் ஒன்று வந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை, இனிமேல் துப்பாக்கி கிடையாது, உள்ளே அட்டெண்டர் வேலை. சீருடையைக் கழற்றிவிட்டு, லெட்ஜர்களை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு கவுன்ட்டருக்கும் ரெக்கார்டு ரூமுக்கும் நடந்தாய். விதியைப் பார். அதற்கப்புறம் என் பகல் வாரத்திலெல்லாம் ஒரே கூரையின் கீழே, ஒரே நேரத்தில் வேலை பார்த்தோம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் போய்விட்டது. உனக்குப் பதிலாக வந்தவர் குழலைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுவார். பாப்பா தூங்கினாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. காலை எட்டு மணிக்கு நோட்டை மூடும்போது எனக்கு ஏதோ சொல்ல பாக்கியிருக்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் உன்னை வேறு கிளைக்கு மாற்றினார்கள். நீ பொத்தேரிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனாய்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தாம்பரம் பஸ் நிலையத்தில் உன்னைப் பிடித்தேன். ரொம்ப நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அது.

"மச்சான், அந்த டேப்பு விஷயம்…"

"பொத்தேரி பஸ் வருது பாரு. ஓடு, ஓடு."

"நான் எதுக்கு ஓடணும்? நான் இரும்புலியூர்."

"அப்ப நான் ஓடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாய். இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாய். படியில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணத்தில், சாவில் பார்த்துக்கொண்டோம். அந்தப் பேச்சை நான் எடுக்கிற நேரத்தில் உனக்கு ஏதாவது ஒரு பஸ் வந்துகொண்டே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஜெசிந்தா சர்ச்சில் பூசை முடிந்து நேராக இங்கே வந்தாள். உன் பழைய படங்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு படத்தில் அந்தக் கட்டைவிரல் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் கதவில் நசுங்கியது என்று நீ வீட்டில் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். இனிமேல் எந்த பஸ்ஸும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னேன்.

"அது பஸ் கதவுல நசுங்கினது இல்லம்மா."

"தெரியும் அங்கிள். ஆஸ்பத்திரியில இருந்தப்ப அப்பா சொல்லிட்டாரு."

"டேப்பு சுத்துனதையுமா?"

"டேப்பு, கேட்டு, செங்கல்லு எல்லாத்தையும்தான். 'நானும் பாத்துட்டுத்தான கையெழுத்து போட்டேன், தப்புல அவனுக்குப் பாதி எனக்குப் பாதி'ன்னாரு."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் முழுசாகத் தூக்கிக்கொண்டிருந்ததில் பாதியை நீ உன் பங்குக்கு வைத்திருந்தாய். ஒரு வார்த்தை சொன்னாயா எனக்கு?

"ஆனா அங்கிள், ஒண்ணு மட்டும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரு. 'எல்லாரும் வேனுக்குப் பின்னால போய்ட்டானுங்க, அவன் ஒருத்தன் வந்தான். தோட்டாவ எடுக்கறப்ப கை கொஞ்சம்கூட நடுங்கல'ன்னு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை மரியாதை. எதிர்ச்சாரியிலிருந்து என் மகள் பார்த்த காலத்துக்குப் பிறகு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் வாய் திறக்கவில்லை. பழக்கம்தானே.

அதனால் உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாததில்லை. என் கை நடுங்கியது. லீவரில் வைத்த விரல் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. மூன்றாவது தடவை நீ கிழிந்த கையை மடக்கிக்கொண்டு, முழங்கையை என் இடது தோளில் வைத்து அழுத்தினாய். வலி தாங்காமல் நீ என்மேல் சாய்கிறாய் என்றுதான் வேனுக்குப் பின்னால் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில்தான் என் நடுக்கம் நின்றது. சட்டையின் தோளில் பட்ட ரத்தக்கறையை என் வீட்டுக்காரி இரண்டே துவைப்பில் எடுத்துவிட்டாள். உன் முழங்கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மச்சான்.