சிலுவை போட்டு முடிக்கும்வரை பொறுத்த வாளை

மச்சான்,

போன வாரம் அக்கா பரணிலிருந்து உங்கள் பிஸ்கட் டின்னை இறக்கி என் முன்னால் வைத்தாள். திறந்தால் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று, அதில் கட்டிய தூண்டில் நரம்பு, முனையில் துருவேறிய முள். இத்தனை வருஷமாகியும் முடிச்சு அவிழவில்லை. பிளக்கை மூக்கருகே கொண்டுபோனேன். நீங்கள் ஓட்டிய பள்ளிக்கூட ஜீப்பின் வாடை இன்னும் போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

"அணையில தண்ணி தெறந்து விட்டுருக்காங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அன்றைக்கு இருந்ததைப் போலவேதான் இருக்கிறாள்.

அன்றைக்கு என்று நான் சொல்வது உங்களுக்குப் புரியும். இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே இறந்துபோய், அக்கா மலைமேல் அட்டுவம்பட்டி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த ஐப்பசி அது. மூன்று வாரம் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒரு நாள் அக்காவாகவே வாய் திறந்து, அம்மா வைக்கிற மாதிரி ஆற்று வாளைமீன் குழம்பு இருந்தால் இரண்டு வாய் சாப்பிடுவேன் என்றாள். பழனிச் சந்தையில் ஐஸ் போட்ட கடல் மீன்தான் கிடந்தது. அதனால்தான் ஜீப் ஓட்டும் நீங்களும் ஆபீஸில் ஃபைல் தூக்கும் நானும் சனிக்கிழமை லீவு சொல்லி, பெருமாள்மலையில் பஸ் பிடித்து, எங்கள் ஊர் அணைக்கு இறங்கினோம்.

மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஆளை இழுக்கிற வேகம். குளத்தில் பழகிய கைப்பழக்கத்தில் உயிர்க் கெண்டையை முதுகில் குத்திப் போட்டேன். அது குறுக்கே திரும்பி, சுற்றிச் சுற்றி, ஐந்து நிமிஷத்தில் செத்தது. அப்படியே பத்துக் கெண்டையைக் கொன்றேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் கெண்டையின் இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்தினீர்கள். "நின்னுபோன வண்டிய முன்னாடி கட்டித்தானலே இழுப்போம்" என்றீர்கள். கெண்டை தண்ணீரை எதிர்த்து நேராக நின்று நீந்தியது. ஈயக்குண்டுக்குப் பதிலாக நீங்கள் கட்டிய பிளக் அதைத் தரையோடு பிடித்து வைத்தது. சரி, அது உங்கள் மூளை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முள்ளின் முனையைச் சதைக்குள் மறைக்கக் கூடாது, வெளியே தெரியவேண்டும் என்று கண்டுபிடித்தது நான். அதை நீங்கள் கடைசிவரை யாரிடமும் சொல்லவே இல்லை.

இரண்டும் சரியான பிறகும் மீன் மாட்டவில்லை. நரம்பு துடித்ததும் நான் வெட்டி இழுப்பேன். கெண்டை மட்டும் திரும்பி வரும், இடுப்பில் குறுக்கே பல் தடத்தோடு. நீங்கள் செய்ததோ அதைவிடக் கொடுமை. மீன் கடித்த அந்த நொடியில் கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சிலுவை போட்டீர்கள். ஜீப்பைக் கிளப்பும்போதும், சோற்றில் கை வைக்கும்போதும் போடுவது சரி. மீன் கடிக்கும்போதுமா? நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள், ஆமென். ஒரு வார்த்தையையும் முழுங்காமல், கோயிலில் நிற்கிற நிதானத்தோடு. நரம்பு தொய்ந்து தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கும். அன்று உங்களுக்கு வந்தது ஒரே ஒரு கடி, அதுவும் பாறையில் உரசி அறுந்தது. சிலுவையால்தான் போயிற்று என்று திரும்பும் வழியெல்லாம் திட்டினேன்.

மூன்றாவது சனிக்கிழமை தப்பினால் திங்கட்கிழமை மதுரை. பஸ்ஸிலேயே உங்களிடம் சத்தியம் வாங்கினேன், இன்றைக்கு மட்டும் சிலுவை வேண்டாம் என்று. தலையாட்டினீர்கள். காலையில் எனக்கு இரண்டு கடி, இரண்டையும் வெட்டி இழுத்துக் கோட்டை விட்டேன். மதியத்துக்கு மேல் உங்கள் நரம்பு துடித்தது. உங்கள் கை நெற்றிக்குப் போனது. நான் கத்தினேன்.

"மச்சான், அங்க அக்கா சாகக் கெடக்கு. வெரசா இழுங்க."

"ஏலே, கைய எடு."

நான் கம்பைப் பிடுங்க வந்தேன், முழங்கையால் தள்ளிவிட்டீர்கள். வலது தோள்வரை போய், ஆமென் சொல்லி, தொய்வைச் சுருட்டி, கம்பை மெதுவாகத் தூக்கினீர்கள். கம்பு வளைந்தது. என் கை நீளத்துக்கு ஒரு வாளை, தாடை ஓரத்தில் முள் ஏறி வந்தது.

அக்கா அன்று இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். நீங்கள் வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆண்டவர் குடுத்தாரு" என்றீர்கள். கெண்டை பிடித்தவன், முள்ளைச் சரி செய்தவன், மூன்று சனிக்கிழமை நனைந்தவன் எல்லாம் யாரோ.

கோடையில் வாய்க்கால் தெளிந்தபோது நானே கண்ணால் பார்த்தேன். வாளை கெண்டையை முதலில் இடுப்பில் குறுக்கேதான் கவ்வுகிறது. கவ்வியபடி கொஞ்சம் நிற்கிறது. பிறகு தலைப்பக்கம் திருப்பி விழுங்குகிறது. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், பிதாவில் கவ்வினால் ஆமெனில் விழுங்குகிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. தெரிந்துதான் செய்தீர்களா என்று ஓடிவந்து கேட்டேன். ஜீப் கண்ணாடியைத் துடைத்தபடி, "எனக்கென்னலே தெரியும், போய்ச் சோலியப் பாரு" என்றீர்கள். அடுத்த வருஷம் கேட்டதற்கு, தெரியாமலா என்றீர்கள். அதற்கடுத்த வருஷம் வெறும் சிரிப்பு. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

போன வருஷம் ஆஸ்பத்திரியில் பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசியபோது உங்கள் கை தானாக நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. நான் அந்தக் கையைப் பிடித்து இடது தோளில் வைத்தேன், பிறகு வலது தோளில். ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் நிற்கிற அளவு நின்றேன். என் ஆயுசில் முதல் தடவையாக உங்களை நான் அவசரப்படுத்தவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம், தெரியுமா தெரியாதா என்று.

நேற்றுச் சனிக்கிழமை வெள்ளனே கிளம்பிப் போனேன். நரம்பும் முள்ளும் புதிது, பிளக் உங்களுடையது. உதட்டில் குத்தி, முனையை வெளியே விட்டுப் போட்டேன். நரம்பு துடித்ததும் கை வெட்டி இழுக்கப் போனது. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயால் மட்டும் பிதா சுதன் சொன்னேன், ஒரு வார்த்தையையும் முழுங்காமல். ஆமென் வந்த பிறகு தொய்வைச் சுருட்டித் தூக்கினேன்.

ராத்திரி அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டு, யார் பிடித்தது என்று தெரிந்தே கேட்டாள். ஆண்டவர் குடுத்தாரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மச்சான் குடுத்தாரு" என்றேன்.

அக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.