அகலச் சால்வை

ஓகஸ்ட் 11, வெள்ளி

காலையிலிருந்து கடற்காற்று. ஜன்னல் கம்பியெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. இடியப்ப மா முடிந்துவிட்டது. மகள் சுபாவின் கல்யாணப் பிளவுஸ் இன்னும் தையல்காரியிடம்.

பின்னேரம் கோயில். இவர் வழக்கம்போல வெளியில், செருப்புகளுக்குப் பக்கத்தில். தடுப்புக் காவலிலிருந்து விடுபட்டு வந்த பிறகு ஒரு நாளும் உள்ளே வரவில்லை. வந்தால் சேட்டைக் கழற்றி வெறும் மேலோடு நிற்க வேண்டும். வீட்டிலும் சேட்டுத்தான், இந்தப் புழுக்கத்திலும். அந்த முதுகுத் தழும்புகளை நானே இருட்டில் கையால் அறிந்ததுதான்.

திரும்பி வரும்போது சொன்னார்: "தாரை வார்க்கக் குணத்தைக் கேட்டிருக்கிறன்."

குணம் இவருடைய தம்பி, கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். அப்பா உயிரோடு இருக்க, மகளைச் சித்தப்பா கை பிடித்துக் கொடுப்பதா? மணவறையிலும் சேட்டில்லாமல் இருக்க வேண்டும், அதுதான்.

"அகலச் சால்வை ஒண்டு வாங்குவம். முதுகை மூடலாம்," என்றேன்.

"கையை நீட்டேக்க வழுகும். மாப்பிள்ளை பகுதி முழுக்கப் பின்னுக்கு இருக்கும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவர் மேல் இல்லை. யார் மேல் என்று இங்கே எழுதவும் பயம்.

ஓகஸ்ட் 12, சனி

நல்ல வெயில். ஒஃபிஸில் கொடுத்த அழைப்பு அட்டை, அயர்லாந்து ஓவியக் கண்காட்சி. மலை, ஆடு, மழை என்று இருக்கும், இவருக்கும் மனம் ஆறும் என்று கூட்டிக்கொண்டு போனேன். அட்டையை ஒழுங்காக வாசிக்காதது என் பிழை.

வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை. காவலாளியின் கை முதுகில் பட்டதும் இவர் மரமாய் நின்றார்.

உள்ளே சுவர் முழுக்க உடுப்பில்லாத ஆட்கள். பெண்களும் ஆண்களும். எனக்குத் தலை நிமிரவில்லை. "வாங்கோ போவம்," என்றேன். அசையவில்லை.

ஒரு கிழவனின் முதுகுக்கு முன்னால் நின்றார். முக்காலியில் இருக்கும் கிழவன், முகம் தெரியாது. விலா எலும்பு, தொய்ந்த சதை, தோளில் பழைய தழும்பு. படம் கீறினவர் தழும்பையும் விடவில்லை. கொஞ்ச நேரம் போன பிறகுதான் கவனித்தேன், இவர் படத்தைப் பார்க்கவில்லை. படம் பார்க்கிற சனங்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு சிங்களத் தாயும் மகளும் வந்தார்கள். தாய் மெதுவாக, "பவ்," என்றாள். பாவமாம். மகள், "நே அம்மே, லஸ்ஸனய்," என்றாள். இல்லையாம், வடிவாம்.

பஸ்ஸில் திரும்பினோம். வெள்ளவத்தையில் இறங்கும்போது சொன்னார்: "ஒருத்தரும் முகத்தைத் திருப்பேல்லை, என்ன."

ஓகஸ்ட் 13, ஞாயிறு

மழைக்குணம், ஆனால் பெய்யவில்லை. பாரைமீன் குழம்பு, உப்புக் கூடிவிட்டது. சுபா சிநேகிதி வீட்டில்.

சாப்பிட்ட கையோடு இவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிச் சேட்டைக் கழற்றினார்.

"பாரும். எவ்வளவு தெரியுது எண்டு சொல்லும். பொய் சொல்லாதையும்."

பார்த்தேன். இடது தோளிலிருந்து இடுப்புவரை. வட்ட வட்டமாகவும் சில. எண்ணவில்லை.

"நல்லாத் தெரியுது," என்றேன். "தூர நிண்டாலும் தெரியும்."

"ம்."

பிறகு, "எண்ணெய் பூசிவிடும்," என்றார். பூசினேன். அழுதேன். பின்னால் நின்றபடியால் இவருக்குத் தெரிந்திருக்காது.

ஓகஸ்ட் 15, செவ்வாய்

புறக்கோட்டை. வழியில் இரண்டு தரம் அடையாள அட்டைச் சோதனை. வெயில் மண்டையைப் பிளந்தது. மஞ்சள், குங்குமம், வெற்றிலைத் தட்டு வாங்கியாயிற்று. குத்துவிளக்குத் திரி மறந்துபோனேன்.

கடைசியாக ஒரு முஸ்லிம் நானாவின் வேட்டிக் கடை. நான் முந்திக்கொண்டு, "நல்ல அகலச் சால்வையா எடுங்கோ நானா," என்றேன்.

கடைக்காரர் ஒன்றை விரித்தார். "இதப் பாருங்க, போத்தினா ரெண்டு சுத்து வரும்."

இவர் அதைத் தொட்டுப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அகலம் வேண்டாம், ஒடுங்கினது காணும் நானா. இடுப்பில கட்டத்தானே."