கை நனைக்க வந்தவர்

9 பிப்ரவரி 1937, செவ்வாய். உத்தமபாளையம்

வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது. வேலைக்காரி சங்கிலி என் வெள்ளைப் புடவைக்கு நீலம் அதிகமாகப் போட்டுவிட்டாள்; மறுபடி அலசச் சொன்னேன். முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவதானப்பட்டியிலிருந்து கை நனைக்க வருகிறார்கள் என்று தம்பி அழகுமலை சொன்னான். பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் ஆயிற்று. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள்.

தம்பி மகள் பவுனுவுக்குத் தாய் இல்லை. சிறு வயதிலிருந்து நான்தான் வளர்த்தேன். மாப்பிள்ளை மேல் அவள் மனம் போய்விட்டது எனக்குத் தெரிகிறது. கர்ணன் என்ற பெயர் காதில் விழுந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள். நல்ல பையன், பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்குத் தகப்பன் இல்லை. தாய் மொக்கம்மாள் தன் அண்ணன் ராக்கையா வீட்டில் ஆக்கிப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். அங்கே எல்லாம் அந்தத் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம்.

"வாய் கொஞ்சம் நீளம்க்கா. பொறுத்துக்க" என்றான் தம்பி.

அறுபத்து மூன்று வயதில் எனக்கு இவன் பொறுமை சொல்லித்தருகிறான்.

13 பிப்ரவரி, சனி

வெண்ணெய் உருக்கியாயிற்று. பவுனு மூன்று முறை கூடத்தைப் பெருக்கிவிட்டாள்.

14 பிப்ரவரி, ஞாயிறு

எல்லோரும் போனபின் எழுதுகிறேன்.

ஆண்கள் பந்தி முதலில். சோறு விழுந்ததும் ராக்கையா அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "கான்வெண்டுல படிச்ச பொம்பள இருக்கிற வீடுன்னாக. அங்கன சோறு வடிக்கச் சொல்லித்தரலையோ?" இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் புன்னகை செய்தேன். விருந்தாளியின் குறையைப் பார்க்கிற கண் வீட்டுக்காரிக்கு இருக்கக்கூடாது என்று கான்வெண்டில் எங்கள் மதர் சொல்வார்கள். பார்க்கவில்லை.

பருப்பு விழுந்தது. நெய் விழும்வரை யாரும் வாயில் வைப்பதில்லை. நெய்க்கிண்ணத்தோடு நான் வந்தேன்.

"நில்லு ஆத்தா" என்றார். "கை நனைக்கிற பந்தியில மொத நெய்ய நீயா ஊத்துறது? தாலி உள்ள பொம்பள ஒருத்திகூடவா இல்ல இந்த வீட்டுல?"

தம்பி முகம் கறுத்து முன்னால் வந்தான். அவன் வாயைத் திறந்தால் அவர் இலையை விட்டு எழுந்து நடையைக் கட்டுவார். பவுனுவின் கல்யாணமும் அவரோடு போகும். கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

நான் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் அவரிடமே நீட்டினேன்.

"நீங்க சொல்றது சரிதான். தாய்மாமன் இருக்கும்போது நான் முந்திட்டேன். மொத நெய் உங்க கையால விழட்டும். முறை உங்களுக்குத்தான்."

மரியாதையை மறுக்க முடியுமா? எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து இலை இலையாக ஊற்றினார். அவர் பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பந்தியில் எல்லோருக்கும் அது தெரியும். பாதி வரிசையில் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அதன்பின் யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றினார்.

கர்ணனிடம் வந்தபோது அவன் இலைமேல் கையை விரித்து மறைத்தான். "எனக்கு வேணாம் மாமா." வெறும் பருப்புச் சோற்றைப் பிசைந்து தின்றான்.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு குரலும் உயரவில்லை. அடுக்களையில் சங்கிலி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். "ஆத்தா, நீங்க அவுகள அடிச்ச அடியில சத்தமே கேக்கலையே!" அதட்டினேன். உள்ளே இனித்தது — அதை ஏன் மறைக்க வேண்டும்?

பெண்கள் பந்தியில் மொக்கம்மாள் உட்காரவில்லை. தலைவலி என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

16 பிப்ரவரி, செவ்வாய்

ராக்கையா ஆள் அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை நெய் வாங்கவில்லை, தாய் சாப்பிடவே இல்லை; ஆகவே அது கை நனைத்ததில் சேராதாம். வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமாம்.

"நான் நாலு வார்த்த கத்தியிருந்தாக்கூட மறந்திருப்பாகக்கா" என்றான் தம்பி. "நீ மரியாத செஞ்சுல்ல கெடுத்துட்ட."

பவுனு தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். சாப்பிடாத தட்டு.

18 பிப்ரவரி, வியாழன்

தூக்கமில்லை. சத்தம் போடாமல் இருப்பதுதான் நல்ல நடத்தை என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். குத்துவதற்குத்தான் அந்தக் கிண்ணத்தை நீட்டினேன். பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தால் கத்தி கத்தி இல்லையா?

சரி, அவருக்கு அது வேண்டியதுதான். ஆனால் அங்கே இன்னொருத்தி இருந்தாளே. மொக்கம்மாள் கட்டியிருப்பதும் வெள்ளைப் புடவைதான். என்னை நிற்கச் சொன்ன சொல் அவள் மேலும்தானே விழுந்தது? கூடப்பிறந்தவன் வாயிலிருந்து. அதற்கு நான் வேறு "நீங்க சொல்றது சரிதான்" என்றேன். அவள் இருந்த பக்கம் ஒரு தடவையாவது திரும்பினேனா? தலைவலி என்றாள் — நானும் சுக்குத் தட்டிக் கொடுத்தேன். நன்றாகத்தான் கவனித்திருக்கிறேன்!

அந்தப் பையன் ஏன் கையை விரித்தான்? எங்கள் வீட்டு நெய் ஆகாதா, எங்கள் வீடே ஆகாதா?

21 பிப்ரவரி, ஞாயிறு

மொக்கம்மாள் வந்தாள். தனியாக, பஸ்ஸில், அண்ணனிடம் சொல்லாமல்.

வாசலில் நின்றபடியே, "மதினி, பசிக்குது. சோறு போடுங்க" என்றாள். "கை நனைக்கத்தான் வந்திருக்கேன். பெத்தவ நனைச்சாச் சேருமில்ல?"

இலை போட்டேன். நீங்களும் உட்காருங்கள் என்றாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

அன்று பஸ்ஸில் ராக்கையா குதித்தாராம், நெய்யை ஏன்டா வேண்டாமென்றாய் என்று. "'எங்க ஆத்தா கை ஊத்துன நெய்யில வளந்தவன் மாமா நான். அந்தக் கை ஆகாதுன்னா எனக்கு நெய்யே ஆகாது'ன்டான் மதினி. பஸ்ஸு மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. நீங்க பந்தியில அம்புட்டு அடக்கமா மானத்தக் காப்பாத்துனீக, எம்மகன் பஸ்ஸுல வச்சு வித்துட்டான்!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அன்னைக்கு உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்துட்டேன்" என்றேன்.

"நான் மட்டும் முன்னால வந்து நின்னேனாக்கும்? உள்வீட்டுல ஒளிஞ்சுக்கிட்டேன். அத விடுங்க, ரசத்த ஊத்துங்க."

பவுனு ரசத்தோடு வந்தாள். பாதி தரையில் கொட்டினாள். நான் அதட்டவில்லை. சங்கிலி என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

4 ஜூன், வெள்ளி

கல்யாணம் நல்லபடி முடிந்தது. ராக்கையா வந்தார், தூணோரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார். மொக்கம்மாள் இனி மகன் வீட்டில்தான் இருக்கப்போகிறாள்.

19 ஆகஸ்ட், வியாழன்

மதியம் வாசலில் இருமல் சத்தம். ராக்கையா. கம்பத்துக்கு மாடு பார்க்க வந்தாராம். இளைத்திருக்கிறார், சட்டை தோளில் தொங்குகிறது. தங்கச்சி போனதிலிருந்து அவர் வீட்டு அடுப்பு சரியாக எரிவதில்லை என்று பவுனு ஆடிக்கு வந்தபோது சொல்லியிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன். துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். தம்பி தோட்டத்தில், சங்கிலி ஊருக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். இலை போட்டேன். எல்லாம் நானே பரிமாறினேன். யார் கை என்று அவர் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிரவும் இல்லை.

ரசச் சோற்றில் பாதி போனபின், "ரசத்துல புளி கம்மி ஆத்தா" என்றார்.

கரண்டி என் கையில் நின்றது.

"அடுத்த தடவை கூட்டிப் போடுறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் 'அடுத்த தடவை' என்று சொன்னது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். இலையில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்றார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வைங்க" என்றார்.