பையைப் பார்த்துக்கொள்கிறவள்

மார்ச் 3, செவ்வாய்

தங்கச்சி என்னைக் கேட்காமலே என் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். ஜூன் மாதம் ஏரியில் ட்ரையத்லான். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், கடைசியில் ஓட்டம். புதிதாக வருகிறவர்களுக்கான சின்ன அளவுதானாம். எனக்கு நாற்பத்துமூன்று வயது, நீச்சலே தெரியாது என்றேன். "அதான் மூணு மாசம் இருக்கே. நீ எனக்குத் துணைக்கு வாக்கா, அது போதும்" என்றாள்.

துணைக்கு என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். பரீட்சை ஹாலுக்கு வெளியே, இன்டர்வியூ நடந்த ஆபீஸ் வாசலில், ராட்டினத்துக்குக் கீழே, எல்லா இடத்திலும் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கிலும் அதே பிழைப்பு. டாக்டர் பல்லைப் பிடுங்குவார், நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

நீச்சல் குளம். பயிற்சியாளர் என்னைவிடச் சின்னப் பெண். கழுத்தில் விசில், அதனால் எங்களுக்குள் அவள் பேரே விசில். வாயால் மூச்சை இழுக்கணுமாம், முகம் தண்ணிக்குள் இருக்கும்போது மூக்கால் விடணுமாம். கிளினிக்கில் வருஷக்கணக்காக நான் சொல்லிக்கொண்டிருப்பது: "வாயைத் திறந்தே வைங்க, மூக்கால மூச்சு இழுங்க." அந்தப் பழக்கத்தில் மூக்கால் இழுத்தேன். பாதிக் குளம் உள்ளே போயிருக்கும். தங்கச்சி அதற்குள் அந்தக் கரையைத் தொட்டுவிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

காதில் இன்னும் தண்ணீர். டாக்டர் பஞ்சு கேட்டார், ஊசியைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிற்காமல் போனேன்! தரையில் கறுப்புக் கோடு போட்டிருக்கிறார்கள், அதன் மேலேயே போனால் போதும். பக்கத்தில் தங்கச்சி இருந்தால்தான் தைரியம் வருகிறது. அவள் திரும்பினால் நானும் திரும்புகிறேன்.

சாயங்காலம் உடை மாற்றும் பயிற்சி. ஈரக் காலில் சாக்ஸ் ஏறவே மாட்டேன் என்கிறது. ஹெல்மெட் மாட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்று விதியாம், அதனால் அதை முதலில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாக்ஸோடு மல்லுக்கட்டினேன். வீட்டுக்காரர் ஞாயிறு ட்யூட்டி முடிந்து வந்து, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்ல கூரை ஏதும் இடிஞ்சு விழப்போகுதா?" என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சைக்கிளை விட்டு இறங்கி உடனே ஓடினோம். கால் இரண்டும் வேறு யாருடையதோ. தங்கச்சி சிரித்துச் சிரித்து விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். நன்றாக இருந்தது இன்று.

ஏப்ரல் 28, செவ்வாய்

தங்கச்சிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. லேடி டாக்டரும் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஏழு வருஷமாக எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை வெறுங்கை. எல்லாவற்றுக்கும் கூடப் போனவள் நான். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதோம்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "இனிமே நீயும் போக வேண்டாங்க்கா. எனக்காகத்தானே வந்த."

ஆமாம் என்று தலையாட்டினேன். சந்தோஷம்தான், சத்தியமா சந்தோஷம்தான். ஆனா கோபமும் வருதே — இதை எங்க போய்ச் சொல்றது? சேர்த்ததும் அவ, நிறுத்தறதும் அவளா?

ஏப்ரல் 30, வியாழன்

குளத்துக்குப் போகவில்லை. அவர் ஏன் என்றார். யாருக்காகப் போகணும் என்று எரிந்து விழுந்தேன். வாசலுக்குப் போனவர், கையெல்லாம் கறையாகத் திரும்பி வந்தார். "செயினுக்கு எண்ணெய் போட்டாச்சு. போறதும் போகாததும் உன் இஷ்டம்."

என் இஷ்டம். அது என்ன என்று எனக்கே தெரியவில்லை. ராட்டினத்தில் ஏற எனக்கு ஆசை இருந்ததா? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை.

மே 3, ஞாயிறு

தனியாகப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மே 17, ஞாயிறு

ஏரியில் முதல் தடவை. அடியில் கோடு கிடையாது, பச்சையாகக் கலங்கல், அவ்வளவுதான். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு இடது பக்கம் வளைந்து நாணலுக்குள் போய் முட்டினேன். தலையைத் தூக்கினால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. விசில் கரையிலிருந்து கத்தினாள், "மல்லாந்து படுங்க! ஏரி எங்கயும் ஓடிடாது!"

மல்லாந்து படுத்தேன். வானம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வழிக்கு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. போட்டியன்று இப்படி வந்தால் மீட்புப் படகில் ஏறிவிடுவேன் என்றே தோன்றுகிறது.

ஜூன் 6, சனி

லீவு போட்டு வருகிறேன் என்றார் அவர். வேண்டாம் என்றேன். வந்தால் அவர் சாப்பிட்டாரா, வெயிலில் நிற்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். "அதுவும் வாஸ்தவம்தான்" என்று டிவியைப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் வருத்தம் அவருக்கு.

ஜூன் 7, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

நடந்ததை எழுதி வைக்க வேண்டும். பை வைக்கும் இடத்தில் ஒரு பெண் என் பையை வாங்கி, நம்பர் கட்டி, உள்ளே வைத்தாள். கை வீசிக்கொண்டு நடக்கவே என்னவோ போல இருந்தது.

நீச்சலில் முதல் மிதவை வரை சமாளித்தேன். அங்கே மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் மிதவையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டேன். நானும் ஒரு கையால் மிதவையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க, நான் இருக்கேன், மெதுவா மூச்சு விடுங்க என்று கிளினிக் குரலில் சொன்னேன். மற்றவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். படகுக்காரர் வந்தார், அவளை ஏற்றினார். அவள் என் மணிக்கட்டை விடவில்லை.

"ஒண்ணா வந்தவங்களா? நீங்களும் ஏறிக்கறீங்களாம்மா?"

ஏறியிருக்கலாம். ஒரு பெண்ணுக்குத் துணையாகத் திரும்பி வந்தாள் என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஆஹா, நல்ல மனசு என்பார்கள். எனக்கும் உள்ளே உதறல்தான், அதற்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. என் வாய் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டது.

"இல்லீங்க. நான் தனியா வந்தவ" என்றேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் பழக்கம் போல, போர்வையைச் சுற்றிவிட்டார்.

அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்து கடைசியாக ஏறியது நான். சாக்ஸ் ஏறவில்லை, அது இல்லாமலே ஷூவை மாட்டினேன். சைக்கிளில் மூன்று பேரை முந்தினேன், அதில் ஒருவருக்கு செயின் கழன்றிருந்தது, ஆனாலும் கணக்குத்தான். ஓட்டத்தில் பாதி நடை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அழுதேன். துடைக்கத் துண்டு பையில் இருந்தது.

ஜூன் 8, திங்கள்

படி இறங்க முடியவில்லை. டாக்டர் இன்று குழாயைத் தானே பிடித்துக்கொண்டார்.

ஜூன் 20, சனி

தங்கச்சி போன். நாளைக் காலை தொட்டில் பார்க்கப் போகணுமாம், நான் கூட வரணுமாம். காலையில் குளத்துக்குப் போகிறேன், மத்தியானம் வருகிறேன் என்றேன். போட்டிதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்றாள். சும்மாதான் என்றேன். "அப்ப நானும் குளத்துக்கு வரேன். உன் பையைப் பார்த்துக்கறேன்" என்றாள்.

வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. வா என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

நான் நீந்தி முடிக்கும் வரை பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை கொட்டாவி விட்டதை நானே பார்த்தேன். நடுவில் ஓரமாகப் போய் மூச்சு வாங்கினேன். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதும் குனிந்து கேட்டாள், "இப்படியே சும்மா உட்கார்ந்திருக்கறது இவ்வளவு கஷ்டமாக்கா? ஏன் ஒருநாள்கூடச் சொல்லல?"

இன்னும் நாலு சுற்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போனேன்.