சாக்குக்காகக் கழித்த ஒரு கிலோ

என் கௌசி கண்ணுக்கு,

கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கபடிப் போட்டியில் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தோம். உன் முழங்காலில் மண் அப்படியே இருந்தது. "அத்த, ஜெயிக்கிற பொண்ணுங்ககிட்ட நம்மகிட்ட இல்லாதது இன்னா இருக்குது?"

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் நான். கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டேன், பதில் சொன்னால் உதாரணம் சொல்லாமல் விட மாட்டேன். பாகூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். திறமை எல்லாருக்கும் இருக்கிறது, பொறுமைதான் இல்லை என்றேன். பசியைப் பொறுக்க வேண்டும், வலியைப் பொறுக்க வேண்டும், பொறுத்ததை வெளியே சொல்லவும் கூடாது என்றேன்.

உதாரணத்துக்கு உன் அப்பாவையே எடுத்துக்கொண்டேன். கரும்பு வெட்டு நேரத்தில் அவனுக்கு உள்ளங்கை கிழிந்துபோனது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினான். அவன் கரண்டியால் சோறு சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது. "என் தம்பி அப்படி. நீயும் அப்படி இருக்கணும்" என்றேன். நீ ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். வகுப்பில் என் பாடத்தை அவ்வளவு கவனமாக நீ கேட்டதே இல்லை.

அந்தப் பதிலை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், கௌசி. நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுவதற்குக் காரணம், நான் மறைத்தது நாலு பேரிடமும் மறைத்ததுதான்.

உன்னிடம் என்ன இருந்தது என்பதை மைதானத்து ஓரம் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். ரெய்டு போகும்போது மற்றப் பெண்கள் எதிர்ப்பக்கம் உள்ளே உள்ளே போவார்கள். மூச்சு தீர்ந்து மாட்டிக்கொள்வார்கள். நீ மூச்சு பாதி இருக்கும்போதே திரும்பிவிடுவாய். "கோட்டத் தொட்டுட்டு ஓடியாறா பாரு" என்று கூட்டத்தில் கேலி பேசுவார்கள். ஒருமுறை நானும் அதைப் பற்றிக் கேட்டேன். "திரும்புறதுக்கும் மூச்சு வேணும்ல அத்த" என்றாய். ஏதோ சாமர்த்தியமாகப் பேசுகிறாய் என்று நினைத்தேன். பஸ்ஸில் நீ கேட்ட கேள்விக்கு உன்னிடமே பதில் இருந்தது. அதை அழித்துவிட்டு என் பதிலை எழுதினேன்.

அடுத்த வருஷம் நீ பெரிய போட்டிக்குத் தேர்வானாய். எடைப் பிரிவு ஐம்பத்தைந்து கிலோ. அதற்கு மேல் கொஞ்சம் இருந்தாலும் இடம் இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் உன்னை நெல் வியாபாரியின் களத்துக்கு அழைத்துப் போனது நான்தான். ஊர் நெல்லையே நிறுக்கிற மெஷின், இதைவிட நம்பிக்கையாக எது இருக்கும் என்றேன். களத்துக்காரர் சாப்பிடப் போயிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாய். ஐம்பத்து நான்கு கிலோ எண்ணூறு கிராம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். வழியில் உனக்கு போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

போட்டி அன்று காலை ஏழு மணிக்கு, வில்லியனூர் பக்கத்து மைதானத்தில், அவர்கள் மெஷினில் ஏறினாய். ஐம்பத்தைந்து எண்ணூறு. பத்து மணிக்குள் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி நிறுப்போம் என்றார்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கோச், கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிற பையன், என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "எண்ணூறு கிராம்தானே, ஓடினா போயிடும்."

வியர்வை சீக்கிரம் கொட்டட்டும் என்று, அவர் பைக்கில் கிடந்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நீ ஓடினாய். எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே நீ தண்ணீர் குடிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் பக்கமாக வந்தபோது ஒருமுறை என் பையைப் பார்த்தாய். பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, நிறைய. நான் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

நீ ஒன்றும் கேட்கவில்லை. பொறுத்ததை வெளியே சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் பாடம் நடத்தியவள் எதிரிலேயே நிற்கும்போது, எப்படிக் கேட்பாய்?

பத்து மணிக்கு ஐம்பத்து நான்கு தொள்ளாயிரத்து ஐம்பது. நான் கைதட்டினேன், கௌசி. கைதட்டினேன். உடனே ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாய், வாந்தி வருகிறது என்று பாட்டிலை வைத்துவிட்டுப் போனாய். மூன்றாவது ரெய்டில் நீ நேரத்துக்குத் திரும்பவில்லை. நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாய், அப்படியே சாய்ந்தாய். எதிரணிப் பெண்கள் ஆட்டம் என்று நினைத்து உன்மேல் விழுந்து பிடித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். உடம்பில் நீர் வற்றி, சூடு ஏறி, சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். உனக்குப் பதினைந்து வயது.

ஊர் அந்தக் கோச்சைத்தான் பிடித்துக்கொண்டது. பெண்ணை ஓட விட்டுக் கொன்றவன் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் நம் தெருவில் வருவதை நிறுத்தினார். பிறகு ஊரிலேயே இல்லை. டீச்சரும் கூட இருந்தாரே என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

உன் வருஷத் திதிக்கு முன்னால் அறுவடை வந்தது. உன் அப்பாவோடு களத்துக்குப் போனேன். மூட்டை ஏறுவதற்கு முன், காலியாக இருந்த மெஷினைத் தற்செயலாகப் பார்த்தேன். மைனஸ் ஒன்று என்று காட்டியது.

உனக்கே தெரியும், நெல் நிறுத்தால் சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் கழித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று மெஷினிலேயே அதை முன்கூட்டிக் கழித்து வைத்துவிட்டார்கள். மூட்டையை ஏற்றினால் நெல்லின் எடை மட்டும் தெரியும். நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அன்று நீ ஏறினாய், மூட்டை ஏறவில்லை. உன்னிலிருந்தும் ஒரு கிலோ கழிந்தது. உண்மை எடை தெரிந்திருந்தால், இரண்டு நாள் முன்னாலேயே இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு செய்திருப்போம். அல்லது செய்திருக்க மாட்டோமா?

அளப்பதற்கு முன் காலித் தராசு எங்கே நிற்கிறது என்று பார், என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவும் இல்லை. பொறுத்ததை வெளியே சொல்லக் கூடாது அல்லவா. அப்படியே மூன்று வருஷம் ஓடியது.

இப்போது உன் தங்கை சேதி. நிவேதாவுக்கு உன் வயது ஆகிவிட்டது. அவளும் கபடிதான். வேண்டாம் என்று உன் அம்மா அழுதாள், இவள் கேட்கவில்லை. போன மாதம் களத்துப் பக்கம் நடந்து போனேன். அந்த மெஷின்மேல் நிவே நிற்கிறாள், பக்கத்தில் இரண்டு தோழிகள்.

"அத்த, அம்பத்தி நாலரை. தப்பிச்சேன்" என்றாள்.

"நேத்து மூணு பரோட்டா துன்னா டீச்சர் இவ. எப்புடித்தான் ஏறாம நிக்குதோ" என்றாள் ஒருத்தி.

இறங்கச் சொன்னேன். இறங்கினாள். எண்ணைப் பாருங்கள் என்றேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். களத்துக்காரர் நெல் தூசியைத் தட்டிக்கொண்டே வந்து, "இன்னா டீச்சர், அது சாக்குக் கழிவுக்கு வச்சது. ஆளு ஏறவா வச்சிருக்கோம்?" என்று சிரித்தார். தோழிகளும் சிரித்தார்கள்.

நிவே சிரிக்கவில்லை. "இதுலதான அத்த அக்காவுக்கும் பாத்த?" என்றாள்.

நீ அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாய். இத்தனை நாளும் இந்த மெஷினை அவள் நம்பியது உன்னால்தான். நான் வாயைத் திறக்காததால் அவளும் அதன்மேல் ஏறி நின்றாள்.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் போனேன். மோட்டார் கொட்டகையில் இருந்தான். மெஷின், மழைக்கோட்டு, பையில் இருந்த பாட்டில், ஒன்று விடாமல் சொன்னேன். அவன் எழுந்து மோட்டாரை நிறுத்தினான். பிறகு, "காரியத்துக்கு வந்த அந்தக் கோச்சுப் புள்ளய வாசல்லயே வச்சுத் தொரத்துனேன்க்கா" என்றான். அதற்குப் பிறகு இதுவரை அவன் என்னோடு பேசவில்லை. பேசு என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

கோச் இப்போது ஏம்பலத்தில் இருக்கிறார். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே கேட்டார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். "எனக்கு வேணாம்னுதான் பட்டுச்சு டீச்சர். உங்க மூஞ்சப் பாத்தேன், வாய் வரல" என்றார். அவரும் எட்டாம் வகுப்பு என்னிடம் படித்தவர்தான், கௌசி. என் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்.

நிவேயின் உண்மையான எடை ஐம்பத்தைந்தரை. இந்த வருஷம் ஐம்பத்தைந்து கிலோ அணியில் இல்லை என்று அவளே போய்ச் சொல்லிவிட்டாள். எடை குறைக்கிறாயா என்று கேட்டார்களாம், மாட்டேன் என்றாளாம். ஆனால் பயிற்சிக்குப் போகிறாள். நேற்று நானும் போய் உட்கார்ந்திருந்தேன். நடு ஆட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னாடி, மகாராணிக்கு மூச்சு வாங்குதா?" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, வாங்குது. தண்ணி குடு" என்றாள் நிவே.

பஸ்ஸில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். கால் வேகமும் பிடி வலுவும் எத்தனையோ பிள்ளைகளிடம் இருக்கின்றன. தன் உடம்பு சொல்வதைக் கேட்டு, எல்லார் முன்னாலும் "முடியவில்லை" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் அடுத்த ஆட்டத்துக்கும் இருக்கும். உனக்கு அது தெரிந்திருந்தது. கோட்டுக்குள் இருந்தவரை உன்னை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. கோட்டுக்கு வெளியே நான் நின்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நிவே ஆடும் இடத்துக்கெல்லாம் போவேன். பாட்டில் என் பையில் இருக்காது, கையில் இருக்கும். அவள் கேட்பதற்கு முன்னால் நீட்டுவேன். கோச்சைக் குறை சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்களிடம் நடந்ததை என் பெயரோடு சேர்த்துச் சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை விளையாடிவிட்டு வந்ததும், ஜெயித்தாயா என்று கேட்காதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், அது வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.

உன் அப்பாவின் அக்கா,
உன் அத்தை