மலர் வேண்டாம் என்ற கதைகள்

செவ்வாய், இரவு

குமராட்சியில் என் மனைவி மலர் வேலை பார்க்கும் பள்ளியின் விழாவுக்கு, வெள்ளத்தைப் பற்றி அவள் ஒரு நாடகம் எழுத வேண்டியிருந்தது. நான்தான் போன வாரம் போனில் ஏஐயிடம் கேட்டுச் சில கதைகள் வாங்கிக் கொடுத்தேன்.

மலர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். "நல்லாத்தான் இருக்கு மாமா. யாரு கேட்டாலும் இதத்தான் குடுக்கும். அதனால இதுல வர்ற எதையும் நான் எழுதப் போறதில்ல" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்று ஒத்திகை பார்த்தேன். மீட்புப் படகில் ஆட்டை ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஆட்டோடு நிற்கும் பெண், "அப்ப எனக்கும் எடம் வேணாம், போங்க" என்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவளை விட்டுவிட்டுப் படகு நிஜமாகவே நகர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் மலர் இன்னும் எழுதவில்லை.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில், "எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"அது சொன்னத எல்லாம் தள்ளிட்டு, சும்மா உக்காந்திருந்தேன் மாமா."

நான் அப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று? ஆபீசில் ஒரு வரி எழுதக்கூட ஏஐயிடம்தான்...

மலர் தூங்கிவிட்டாள். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். படகு போன பிறகு அந்தப் பெண் என்ன செய்வாள் என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.