"குறைஞ்சிருக்கா?" என்று கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, இன்று காலை புது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீடு திரும்புவதற்குள் போனில் ஒரு செய்தி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மாத்திரையை நான் இன்னும் வாயில்கூடப் போடவில்லை. அதற்குள் என்ன நட்சத்திரம்! உங்களை நினைத்து ஆட்டோவிலேயே சிரித்துவிட்டேன்.

துறைமுகம் போகிற ரோட்டில் இருந்த உங்கள் கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு வரி. மாதம் கழித்துப் போனால், அடுத்த மாத்திரை அட்டையை எடுக்கும் முன் கேட்பீர்கள்: "குறைஞ்சிருக்கா?" சர்க்கரையோ பிரஷரோ, டெஸ்ட் எடுத்த சீட்டைப் பார்ப்பீர்கள். குறைந்திருந்தால் நீல டிக். இல்லையென்றால் சிவப்பு வட்டம். "எவ்வளவு வித்தேங்கது யாவாரிக்கு. எத்தன பேருக்குக் குணமாச்சுங்கதுதான் மருந்துக்காரனுக்கு" என்பீர்கள்.

என் வரியில் தொடர்ந்து மூன்று சிவப்பு வட்டம். சர்க்கரை இறங்கினால்தான் கண்புரை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயர்புரம் காலேஜில் என் பேத்தி பட்டம் வாங்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டம். மேடையில் நிற்கிறவள் எனக்கு வெறும் நிழலாகத் தெரிந்தால் போய் என்ன பிரயோஜனம்?

உங்களுக்கும் புரியவில்லை. மாத்திரை தீர்ந்த காலி அட்டைகளை நான் ஒழுங்காகக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள், "ஏளா, தெனமும் எப்படிப் போடுத? செஞ்சு காட்டு" என்றீர்கள்.

சாப்பிட்டு முடித்தேன் என்று சொல்லி, காலையில் போடவேண்டிய இரண்டு மாத்திரையையும் எடுத்தேன். ஒன்றை வாயில் போடுவதுபோல் காட்டினேன். மற்றொன்றோடு கை தானாகப் பக்கத்தில் நீண்டது.

"அந்தக் கை யாருக்குளா நீளுது?"

"மதினிக்குத்தான் அண்ணாச்சி. தெனமும் காலையில வருவா. அவளுக்கும் சர்க்கரதான். வந்தவளப் பாக்க வச்சிட்டு நான் மட்டும் எப்படி முழுங்க?"

நீங்கள் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "இதென்ன பனங்கிழங்கா, ஆளுக்குப் பாதி ஒடிச்சுத் திங்கதுக்கு?"

சிரிப்பு அடங்கியதும் சிவப்புப் பேனாவை எடுத்தீர்கள். என் வரியில் இல்லை, நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு எதிரே ஒரு வட்டம் போட்டீர்கள். "தப்பு எம்மேல. அட்டைய எண்ணுனேன், ஆளக் கேக்கல." மறுநாளே மதினியை டாக்டரிடம் அனுப்பினீர்கள். அவளுக்கும் நோட்டில் தனி வரி விழுந்தது. அதன் பிறகு யார் வந்தாலும், "வேற யாருக்கும் குடுக்கியா?" என்று கேட்காமல் விட்டதில்லை. தெருவில் பாதிப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது!

சர்க்கரை இறங்கியது. ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. பட்டம் வாங்கிய பேத்தியின் முகத்தை, அவள் நெற்றியில் சரிந்த ஒற்றை முடியோடு சேர்த்துப் பார்த்தேன் அண்ணாச்சி. மறுநாள் கடைக்கு வந்து சொன்னபோது நீங்கள் நோட்டைத் திறந்து ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினீர்கள். எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன்: 'பேத்தி முகம் தெரிந்தது.' பக்கத்தில் பெரிய நீல டிக்.

இப்போது நீங்களும் இல்லை, கடையும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் யார் மருந்து வாங்கினாலும், மாதம் திரும்பியதும் நான் போய் நிற்கிறேன். என்னைக் கண்டு கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. நான் ஜன்னல் வழியாக "குறைஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.